"விரித்துவிட்டு மறந்துவிடலாம்" என்று எழுதியவருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வீட்டு அலங்காரப் பக்கத்தில் செயற்கைப் புல் பற்றிய கட்டுரை பார்த்தேன். படங்கள் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாலாவது பந்தியில் "ஒருமுறை விரித்துவிட்டு மறந்துவிடலாம்" என்று ஒரு வசனம். மனைவி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிய நேரம், நான் முற்றத்தில் குந்தியிருந்து, துண்டுகளைச் சேர்த்த பொருத்து விட்டுப்போன அதே மாதிரிப் புல்லைக் கத்தியால் கிளப்பிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் முற்றம் முழுதும் சேர்த்து ஒரு பேர்ச் காணி கூட இல்லை. மதில் நிழலில் மலேசியன் புல் செத்துச் செத்துப் போகிறது என்று ரொறன்ரோவில் இருக்கிற மகன் காசு அனுப்பி, மூன்று வருடத்துக்கு முன் இதைப் போட்டோம். வந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். மண்ணைத் தோண்டி, சல்லி போட்டு இறுக்கி, கானுக்கு வாட்டம் வைத்துத்தான் இதை விரிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய மண்ணின் மேலேயே விரித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள். ஐப்பசி மழை வந்தது. கால் வைத்த இடமெல்லாம் மெத்தை மாதிரி அமிழ்ந்தது, நடுவில் தண்ணீர் தேங்கியது. டெங்குக் காலத்தில் முற்றத்தில் தண்ணீர் தேங்கினால் யார் கேற்றைத் தட்டுவார்கள் என்று கொழும்பிலேயே இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு இரண்டு துண்டும் சேருகிற பொருத்து விட்டுப்போனது. வந்து பார்த்தால் செருப்புக்கு ஒட்டுகிற பசையைப் பூசியிருந்திருக்கிறார்கள், கீழே டேப்பும் இல்லை. அந்த இடைவெளிக்குள்ளால் கோரை முளைத்தது. கள்ளப் புல்லைக் கிழித்துக்கொண்டு நல்ல புல் வருகிறது என்று பக்கத்து வீட்டு ஐயா பகிடி பண்ணுகிறார்.

திருத்துவதற்கு ஆள் கேட்டு நாலைந்து இடத்துக்கு எடுத்துப் பேசினேன். புதிதாகப் போடுவதற்கு எல்லாரும் வருவார்கள், திருத்துவதற்கு ஒருவரும் இல்லை. சரி, நானே செய்தேன். இரண்டு பக்கமும் ஓரத்தில் இரண்டு மூன்று தையல் வரிசையைப் பின்புறத்தால் வெட்டி எடுத்து, கீழே அகலமான டேப்பை வைத்துப் பசை பூசி, புல் இழை ஒன்றும் உள்ளே மாட்டாமல் விரலால் விலக்கி விலக்கிச் சேர்த்து, மேலே சீமெந்துக் கல் வைத்து, ஒரு நாள் முழுக்க மழை வரக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நான் முதலில் ஒட்டிய துண்டு, இழை சாய்கிற பக்கம் மாறிப்போய், வகிடு மாற்றி எடுத்த தலை மாதிரி இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது.

இதோடு முடிந்ததா? பின்னேர வெயில் எதிர்ப்பக்கத்து மாடிக் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எங்கள் முற்றத்தில் ஒரு கோடாக விழும். அந்தக் கோட்டில் புல் சுருண்டு, தீயில் பொசுங்கின மயிர் போல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சும்மா வெயிலிலேயே இது 60 பாகைக்கு மேல் சுடும், பேர்த்தி வெறுங்காலோடு இறங்கமாட்டாள். கண்ணாடி வெயிலும் சேர்ந்தால் இந்தப் பொலிஎதிலீன் பிளாஸ்டிக் இழை என்ன செய்யும்? கட்டட நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். சூரியனிடம் முறையிடச் சொன்னார்கள். இப்போது அந்த இடத்தில் பச்சை நிழல் வலை கட்டியிருக்கிறேன். நிழலில் புல் செத்தது என்றுதானே ஐயா இதையே போட்டோம்!

மறந்துவிடலாமாம். கிழமைக்கு ஒரு தடவை தும்புத்தடியால் சாய்வுக்கு எதிராகக் கூட்டி இழையை நிமிர்த்த வேண்டும். பக்கத்து வளவு ஜம்பு மரத்து இலையை அழுக முன் பொறுக்க வேண்டும். இழைகளுக்கு இடையில் தூவி, மழையில் அடிபட்டுப் போன சிலிக்கா மணலைத் திரும்பப் போட வேண்டும். நாய் மூத்திரம் பெய்த இடத்துக்கு வினாகிரியும் தண்ணீரும். மண்ணில் பெய்தால் மண் உறிஞ்சும், இது உறிஞ்சாது, வெயில் ஏற ஏற மணக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022இல் சாமானுக்கு வரிசையில் நின்ற காலத்தில், முற்றத்தில் ஒரு அடி கூட வீணாக்காமல் மரவள்ளி நடுங்கள் என்று எழுதியது இதே பக்கம்தான். நம்பி நட்டேன், கிழங்கும் சாப்பிட்டோம். இன்றைக்கு அதே பக்கம் பிளாஸ்டிக் விரிக்கச் சொல்கிறது. கட்டுரைக்கு நேர் கீழே புல் விற்கிறவரின் விளம்பரம். கட்டுரை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று வயதுபோன என் கண்ணுக்குத் தெரியவில்லை, அது என் கண்ணின் குற்றமாகவே இருக்கட்டும். குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு விடையே பொருந்தவில்லை என்று போன வருடம் இரண்டு கடிதம் போட்டேன். அவையும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே விழுந்திருக்கும்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போடுங்கள்: புல் போடுகிறவர்கள் அடியில் சல்லி போட்டு இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அதே ரோலில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். என்னிடம் ஒரு துண்டும் இல்லை, கடையில் இப்போது இருக்கிற பச்சை வேறு பச்சை.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். வெட்டுவதென்றால் தையலோரம் பார்த்து வெட்டுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.