கணக்குப் பிரிவு: சனிக்கிழமை மேசை ஒழுங்கு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மதியத்துக்குள் அவரவர் மேசையைச் சரிசெய்துவிடுங்கள்.

முதலில் காகிதம். மேசைமேல் இருப்பதையெல்லாம் ஒரே குவியலாக்கி, இன்றே முடிப்பது, ஃபைலுக்குப் போவது, கிழிப்பது என்று பிரியுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நான்காவது அடுக்கு வேண்டவே வேண்டாம். மேசை மறுபடி நிரம்புவது அதனால்தான். பஞ்ச் போடும்முன் தாளின் ஓரத்தில் நடுப்பகுதியை லேசாக மடித்து அடையாளம் வைத்துக்கொண்டால் துளைகள் கோணாது. ரப்பர் பேண்ட் கூடாது, நாளானால் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் பங்க், ஹோட்டல் பில்கள் பெரும்பாலும் தெர்மல் தாள், அதாவது மை இல்லாமல் சூட்டில் எழுத்து பதியும் தாள். வெயில் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும் எழுத்து மங்கும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் அடியுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே பழைய பில்தானே என்று நினைத்து, கேட்காமல் எதையும் கிழித்துவிடாதீர்கள்.

கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத் துடையுங்கள். திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் மேசைக் காலில் உயர்த்திக் கட்டுங்கள், இல்லையென்றால் மாப் போடும் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்.

கட்டுவதற்கான கேபிள் டை ஸ்டோர் அலமாரியில் இருக்கிறது.