பிஸ்கட் அட்டையில் ஆறு வரி எழுதிய அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பிறகு கேட்டபோது, "பேரெல்லாம் போட வேண்டாங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் அக்கா என்றே எழுதுகிறோம். ஏற்காடு மலைப்பாதையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அக்கா என்றால், அடிவாரம் முதல் நாகலூர் வரை எல்லோருக்கும் இப்போது ஆள் தெரியும். அன்று மாலை உங்கள் கடையில் தங்கச்சி ஒருத்திக்கு ஆஸ்துமா இழுப்பு வந்து மூச்சு முட்டியதும் தெரியும், அதை மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. தங்கச்சி நேற்று வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்று ஒரே மூச்சில் நீளமாக எதையோ சொன்னாள். அவளுடைய அம்மா அதைக் கேட்டு அழுதார்.

இதை எழுதுவது ஏற்காட்டிலும் சேலத்திலும் மூச்சு நோயாளிகளோடு வேலை செய்கிற செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும். அவள் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறோம். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் எங்கள் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது நீங்கள் பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கிழித்து எழுதிக் கொடுத்த அந்த அட்டையில்தான். அவளுடைய கேஸ் ஷீட்டோடு சேர்த்து அதைக் குத்தி வைத்திருந்தார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான் (பம்ப் என்பது அவள் வாயில் அடித்துக்கொள்ளும் இன்ஹேலர்):

7.40 பேசறா, முழுசா வரல. பம்ப் ஆரம்பிச்சாச்சு.
7.43 நாலு பம்ப். ரெண்டு ரெண்டு வார்த்தைதான் வருது. 108 சொல்லியாச்சு.
7.49 பத்து முடிஞ்சுது. மூச்சு நிமிசத்துக்கு 32.
7.59 மறுபடி ஆரம்பம்.
8.06 விசில் சத்தம் இல்ல. பேச்சும் இல்ல. மறுபடி 108.
8.13 வண்டி வந்துருச்சு. மொத்தம் இருவது.

உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். எங்களுக்கு ஏன் அப்படித் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இரண்டாவது வரியை எடுத்துக்கொள்கிறோம். நாலு பம்ப் அடித்ததுமே போன் செய்துவிட்டீர்கள். பத்தும் முடியட்டும், பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று காத்திருக்கவில்லை. ஆஸ்துமாவில் கைநழுவிப் போகிற நேரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகிறது. "இன்னும் ரெண்டு அடிச்சுப் பாரு", "சுடுதண்ணி குடி", "கொஞ்சம் படுத்தாச் சரியாயிரும்" என்று கால் மணி, அரை மணி ஓடிவிடும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை என்றாலே அது கடுமையான இழுப்பு. அந்த நிமிடமே 108-ஐ அழைக்க வேண்டும். பம்ப் அடிப்பதும் போன் செய்வதும் ஒரே நேரத்தில் நடக்கலாம், இரண்டுக்கும் இரண்டு ஆள் போதும். வண்டி வருவதற்குள் சரியாகிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில், சமவெளியில் இருப்பவர்களைவிட முன்னதாகவே அழைப்பதுதான் சரி.

அழைத்தபோது நீங்கள் சொன்ன விதத்தையும் சொல்ல வேண்டும். 108-ஐ எடுப்பவர் சென்னையில் இருப்பவர், அவருக்கு நம் மலை தெரியாது. "ஏற்காட்டுல ஒரு டீக்கடை" என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் சேலம் மாவட்டம் என்றீர்கள், குப்பனூர் பாதை இல்லை, அடிவாரப் பாதை என்றீர்கள், வளைவின் எண் பலகையைப் பார்த்து எண்ணைச் சொன்னீர்கள், ஏறும்போது எந்தக் கைப்பக்கம் என்றும் சொன்னீர்கள். "மூச்சு விட முடியல, ரெண்டு வார்த்தைக்கு மேல பேச்சு வரல" என்றீர்கள். போனை அணைக்காமல் சிக்னல் கிடைக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டீர்கள். எஸ்டேட்டுக்குள் பத்தடி தள்ளிப் போனாலே லைன் போய்விடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பம்ப் விஷயத்துக்கு வருகிறோம். தங்கச்சியின் பையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அதை எடுத்து உரக்கப் படித்தவரும் நீங்கள்தான். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு பம்ப், பத்து வரை. வண்டி வரவில்லை என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி பத்து. சிலருடைய சீட்டில் நாலு பம்ப், நாலு நிமிட இடைவெளி என்று எழுதியிருக்கும். அவரவர் சீட்டில் உள்ளபடி செய்யலாம், வண்டி வரும்வரை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஒரு பம்ப் அடித்து நாலைந்து மூச்சு இழுத்த பிறகுதான் அடுத்தது. இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற ஸ்பேசர் குழாயின் சுவரிலேயே தங்கிவிடும், நெஞ்சுக்குள் போவது குறையும்.

ஸ்பேசர் வீட்டில் இருந்துவிட்டது. அதற்கு உங்கள் கடைப் பையன் செய்த வேலையைப் பார்த்து நாங்கள் அசந்துபோனோம். அரை லிட்டர் குளிர்பான பாட்டிலைக் கழுவி, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துகிற அளவு ஓட்டை போட்டு, பாட்டிலின் வாயைத் தங்கச்சியின் வாயில் வைத்தான். இது வெறும் ஒப்பேற்றல் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 500 மில்லி பாட்டில் கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1999-இல் வெளியிட்டார்கள். ஓட்டையைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாட்டில் தேடுவதற்காக முதல் பம்பைத் தள்ளிப்போடவும் கூடாது. நேரடியாக வாயில் அடித்துக்கொண்டே பாட்டிலைத் தயார் செய்யலாம்.

அவள் கையில் இருந்தது நீல நிற சால்பூட்டமால் பம்ப் என்பது நல்ல நேரம். மாத்திரையைப் போட்டுத் திருகி இழுக்கிற ரோட்டாஹேலர் மட்டும் இருந்திருந்தால் சிரமப்பட்டிருப்போம். அந்தப் பொடி உள்ளே போக வேகமாக இழுக்கிற மூச்சு வேண்டும், கடுமையான இழுப்பில் அந்த மூச்சுதான் இருக்காது. தினமும் காலை மாலை எடுக்கிற தடுப்பு மருந்துப் பம்பும் இந்த நேரத்துக்கு உதவாது, மருத்துவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பம்பாகக் கொடுத்திருந்தால் தவிர.

"இருவது பம்பா, இதயம் நின்னுராதா" என்று அங்கே ஒருவர் கேட்டாராம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிறகு அடங்கிவிடும். ஒரு பம்பில் 100 மைக்ரோகிராம், இருபதில் 2 மில்லிகிராம். மருத்துவமனையில் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசரில் ஒரு முறை ஊற்றுவதே 2.5 அல்லது 5 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடுகிறது என்றாலும், அந்தப் பயத்தில் பம்பைப் பிடுங்கி வைப்பதுதான் ஆபத்து.

மூன்றாவது வரியில் 32 என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினீர்களாம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. 25-ஐத் தொட்டாலே கடுமை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 40-ஐத் தாண்டினால், ஐந்து வயதுக்கு மேல் 30-ஐத் தாண்டினால் அதே பொருள். குழந்தைகளிடம் விலாவுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபடும், மூக்குத் துவாரம் விரியும், கைக்குழந்தை பால் குடிக்க முடியாமல் விட்டுவிடும்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதில் 92-க்குக் கீழே வந்தால் உயிராபத்து. ஆனால் 96 காட்டுகிறது என்று நிம்மதியாக உட்காரக் கூடாது. ஆஸ்துமாவில் அந்த எண் கடைசியில்தான் விழும், பேச்சுத்தான் முதலில் விழும். மலைக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகவும் காட்டும். பேச்சுக்கு அப்படி ஒரு குறை இல்லை.

இப்போது ஐந்தாவது வரி. அக்கா, இந்த வரியைப் படித்துவிட்டு எங்களில் மூத்த செவிலியர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

விசில் சத்தம் நின்றதும் சுற்றி நின்றவர்கள் "அடங்கிருச்சு, சரியாயிருச்சு" என்று மூச்சு விட்டார்கள். சிலர் கலையவும் தொடங்கினார்கள். நீங்கள் மட்டும் "பேச்சும் இல்ல" என்று எழுதினீர்கள். சுருங்கிய மூச்சுக் குழாயில் காற்று உரசிப் போவதால் வருவதுதான் அந்த விசில். சத்தம் வர வேண்டுமானால் காற்று ஓட வேண்டும். நன்றாகப் பேச்சு வந்து, முகம் தெளிந்து, விசில் குறைந்தால் அது குணம். பேச்சு நின்று, முகம் வெளுத்து, கண் சொருகி, விசிலும் நின்றால் காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். இதை நாங்கள் பயிற்சி வகுப்பில் படித்துத் தெரிந்துகொண்டோம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். உடனே 108-ஐ மறுபடி அழைத்து நிலைமை மாறிவிட்டது என்று சொன்னதால், வண்டியில் இருந்தவர்கள் எதற்குத் தயாராக வர வேண்டும் என்று தெரிந்து வந்தார்கள். மருத்துவ உதவியாளர் இறங்கியதும் அட்டையைக் கையில் வாங்கிப் படித்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் ஆக்சிஜனை மாட்டினார். சேலத்திலும் அதே அட்டையைப் பார்த்துத்தான், எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது, எந்த நிமிடத்தில் நிலைமை மோசமானது என்று கணக்கிட்டார்கள்.

செய்தவை மட்டும் இல்லை, நீங்கள் செய்யாமல் விட்டவற்றுக்கும் நன்றி. அவளைப் படுக்க வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் முழங்கையை ஊன்றச் செய்தீர்கள். தோளும் கையும் ஊன்றியிருந்தால் நெஞ்சை விரிக்கிற தசைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும். வாயில் தண்ணீர் ஊற்ற யாரையும் விடவில்லை. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகிறேன் என்று வந்தவரையும் தடுத்தீர்கள். அவர் நல்ல மனதோடுதான் வந்தார். ஆனால் குளிர்காற்றில், ஆக்சிஜன் இல்லாமல், ஏதோ ஒரு வளைவில் அவள் மயங்கியிருந்தால் பம்பை அடிக்கக்கூட ஒரு கை மிச்சம் இருந்திருக்காது.

விறகடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டீர்கள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். கூட்டம் வருகிற நேரம், கொதித்துக்கொண்டிருந்த பால். புகை அவளுக்கு ஆகாது என்று ஒரு நொடியில் அணைத்தீர்கள். அன்றைய கல்லாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்கள் கேட்டும் சொல்லவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. வளைவில் பேருந்தைப் பின்னால் எடுத்து ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட ஓட்டுநர், மூடுபனியில் சாலையோரம் நின்று டார்ச் காட்டிய இரண்டு தம்பிகள், கார் இன்ஜினை அணைத்துவிட்டுக் குளிரில் வெளியே நின்ற சுற்றுலாக் குடும்பம், பாட்டில் அறுத்த கடைப் பையன், 108 வண்டியை ஓட்டி வந்த பைலட்டும் மருத்துவ உதவியாளரும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் வார்டிலும் இரவு முழுக்க அவளோடு இருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

"பம்ப்லயே சரியாயிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லைதானே" என்று உங்கள் கடையில் பிறகு ஒருவர் கேட்டாராமே, அவருக்கு இதைச் சொல்லுங்கள். நீல பம்ப் மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், நாலு மணி நேரம்போல் தாங்கும். உள்ளே இருக்கிற வீக்கமும் சளியும் அப்படியே இருக்கும். வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு, அது வேலை செய்யத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். அதனால் இவ்வளவு தூரம் போன இழுப்பு தணிந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். முன்பு ஐசியுவில் இருந்தவர்களும், 200 பம்ப் உள்ள ஒரு டப்பாவை ஒரே மாதத்தில் காலி செய்கிறவர்களும் இன்னும் சீக்கிரம் அழைக்க வேண்டியவர்கள். எஸ்டேட்டில் தேனீ கொட்டி, உடம்பில் தடிப்பும் முகத்தில் வீக்கமுமாக மூச்சு முட்டினால் அது வேறு நோய், அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும். அப்போது பம்பை நம்பி ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

நாங்கள் எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். உங்கள் அட்டையைப் போலவே, நேரம், பம்ப், மூச்சு, பேச்சு என்று நாலு கட்டம் போட்டு, மேலே அந்தக் கடையின் பாதையும் வளைவு எண்ணும் எழுதி, அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒவ்வொரு கடையிலும் ஒரு பேனாவோடு கட்டித் தொங்கவிடப் போகிறோம். முதல் அட்டை உங்கள் கடைக்கு. எழுத வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, "பால் வர்ற நேரத்த நெதமும் எழுதிப் பழக்கமுங்க" என்றீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் மற்றவர்களுக்கும் கொடுக்கப் பார்க்கிறோம்.

அந்த அட்டையின் பின்பக்கத்தில் அந்த வாரத்துப் பால் கணக்கு இருக்கிறது, பால்காரர் கேட்கிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். கணக்கை ஒரு வரி விடாமல் வேறு தாளில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறோம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் தங்கச்சி தன்னிடமே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். கொடுக்கலாமா அக்கா?

நன்றியுடன்,
ஏற்காடு, சேலம் மூச்சு நோய்ப் பிரிவுகளின் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும், தங்கச்சியின் குடும்பத்தாரும்