ஆண்டறிக்கை: தேவாலயச் சாளரங்களில் வண்ணக் கண்ணாடியும் கிறிஸ்தவக் குறியீடுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தின்படி, நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் யாவும் இவ்வாண்டு தேவாலயச் சாளரங்களின் வண்ணக் கண்ணாடி ஓவியங்களைப் பயில்வதற்கே ஒதுக்கப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனவே இவ்வறிக்கை பயின்ற பொருளைப் பற்றியதாகவே அமைகிறது.

தொடக்கக் கூட்டங்களில் உறுப்பினர் பலர் எதிர்பார்த்தது ஒரு பட்டியலை. புறா தூய ஆவியைக் குறிக்கும், நங்கூரம் நம்பிக்கையை, லில்லி மலர் மரியாளின் தூய்மையை, திறவுகோல் பேதுருவை, கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் குறிக்கும் என்று எழுதிக்கொண்டால் எந்தச் சாளரத்தையும் படித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அத்தகைய பட்டியலைத் தயாரித்து அனைவருக்கும் வழங்கினோம். அது பயன்படாமலும் போகவில்லை. ஆயினும் இயேசுவின் வரலாற்றை எழுதிய நற்செய்தியாளர் நால்வரின் உருவங்களை எடுத்துக்கொண்ட கூட்டத்திலேயே அதன் எல்லை தெரிந்துவிட்டது. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு என்பதே இன்று எங்கும் வழங்கும் முறை. தீர்க்கதரிசி எசேக்கியேலின் தரிசனத்திலும், வேதாகமத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 4ஆம் அதிகாரத்திலும் வரும் நான்கு உயிர்களே இவற்றுக்கு மூலம். ஆனால் 2ஆம் நூற்றாண்டின் ஆயரான ஐரேனியஸ் சிங்கத்தை யோவானுக்கும் கழுகை மாற்குவுக்கும் அளித்திருந்தார்; பின்னர் வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் வகுத்த வரிசையே மேற்கில் நிலைத்தது. ஒரே விலங்கு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறக்கூடுமென்றால், பொருள் அந்த உருவத்துக்குள் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பது தெளிவு.

அதன்பின் பயிற்சியின் போக்கை மாற்றினோம். ஓர் உருவத்தைக் கண்டதும் அது எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எதன் அருகில், எதன் மேல், எதன் கீழ் வைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது என முடிவு செய்தோம். இவ்வாண்டின் உருப்படியான பணி அதுவே என்பது என் கருத்து.

பிரான்சின் சார்த்ர் பேராலயத்திலுள்ள நல்ல சமாரியன் சாளரத்துக்கு மற்ற எதனினும் கூடுதலான நேரம் கொடுத்தோம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அச்சாளரத்தை, அக்காலச் சாளரங்கள் பலவற்றைப் போலவே, கீழிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அடியில், சாளரத்தை வழங்கிய காலணித் தொழிலாளர் தம் வேலையோடு காட்சியளிக்கின்றனர். அவர்களுக்கு மேலே, எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் செல்லும் வழிப்போக்கன் கள்வரிடம் அகப்பட்டு அடிபட்டுக் கிடக்க, சமாரியன் ஒருவன் அவனைக் காத்துச் சத்திரத்தில் சேர்க்கும், இயேசு சொன்ன உவமைக் கதை. அதற்கும் மேலே, உவமையோடு தொடர்பில்லாததுபோல், ஆதாம் ஏவாளின் படைப்பும் வீழ்ச்சியும். இரண்டும் ஒரே சாளரத்தில் ஏன் என்று கேட்டால் விளக்கம் தானே வருகிறது. பழைய உரையாசிரியர்களின் கருத்தில் அடிபட்டுக் கிடப்பவன் ஆதாமின் வழிவந்த மனித குலம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. இவற்றை எந்தத் தனிக் குறியீடும் அங்கே சொல்லவில்லை. காட்சிகளின் அடுக்கே சொல்கிறது.

அதே பேராலயத்தின் தெற்குச் சாளரங்களில் நற்செய்தியாளர் நால்வரும் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய தீர்க்கதரிசிகளின் தோள்களில் அமர்ந்திருக்கின்றனர். பழைய ஏற்பாடு புதியதைத் தாங்குகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட இயலுமா என்று ஓர் உறுப்பினர் வியந்தார். எனக்கோ அது சற்று மிகையான நேரடித்தன்மையாகவே படுகிறது. சமாரியன் சாளரத்தின் நுட்பம் அதில் இல்லை.

பெலிக்கன் பறவையைப் பற்றிய கூட்டம் விவாதம் மிக்கதாக இருந்தது. தன் மார்பைக் கீறிக் குஞ்சுகளுக்குக் குருதியூட்டும் பறவை என்ற பழைய நம்பிக்கையின் வழியே அது கிறிஸ்துவின் சிலுவைப் பலிக்கும், அதை நினைவுகூரும் அப்ப, திராட்சரசச் சடங்கான நற்கருணைக்கும் அடையாளமாயிற்று. ஆனால் பிரான்சின் புர்ஜ் பேராலயத்தின் புதிய உடன்படிக்கைச் சாளரத்தில் அது உயிர்த்தெழுதல் காட்சியைச் சூழ்ந்தவற்றுள் ஒன்று. மீனின் வயிற்றிலிருந்து மீளும் யோனாவும், தன் குட்டிகளை உயிர்ப்பிக்கும் சிங்கமும் அங்கே அதற்குத் துணை. சிலுவைக் காட்சியின் பக்கத்திலோ பழைய ஏற்பாட்டின் வெண்கலச் சர்ப்பமும், மோசே அடித்த பாறையும் உள்ளன. இறந்த குஞ்சுகளை மூன்றாம் நாளில் குருதியால் எழுப்பும் பறவை என்ற கதையின் மறுபாதியையே அச்சாளரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நிறங்களைப் பற்றி உறுப்பினரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நீலம் மரியாளுக்கு, சிவப்பு இரத்தசாட்சிகளுக்கு என்ற விதியைச் சாளரம் முழுவதற்கும் பொருத்துவது சரியன்று என்பதே செயற்குழுவின் நிலைப்பாடு. நிறம் முதலில் கண்ணாடியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கோபால்ட் நீலம் தருகிறது. செம்பால் சிவந்த கண்ணாடி முழுக் கனத்தில் ஒளியை ஏறத்தாழ அடைத்துவிடும் என்பதால், வெளிறிய கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகவே அதை ஏற்றினர். முகக்கோடுகளைக் கருநிறப் பூச்சால் வரைந்து சூளையில் சுட்டு, துண்டுகளை ஈயப்பட்டைகளால் இணைத்தனர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிச் சேர்மத்தால் மஞ்சள் ஏற்றும் முறை பரவிய பிறகே, முகத்தையும் பொன்னிற ஒளிவட்டத்தையும் ஒரே துண்டில் தர முடிந்தது. பின்புலத்தில் நீலமும் சிவப்பும் மாறி மாறி வருவது பெரும்பாலும் கண்ணுக்கான ஒழுங்கே. எனினும் சார்த்ரின் மேற்குப்புறத்தில் கிறிஸ்துவின் துன்பங்களைக் காட்டும் பாடுகளின் சாளரத்தில் சிலுவை பச்சையாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ள இயலாது. அது உயிருள்ள மரம், வாழ்வின் மரம். தாவீது அரசரின் தந்தை ஈசாயின் உடலிலிருந்து எழுந்து, அரசர்கள், மரியாள் வழியாகக் கிறிஸ்துவை உச்சியில் தாங்கும் ஈசாய் மரச் சாளரம் உள்ள அதே மேற்குப்புறத்திலேயே அச்சாளரமும் இருப்பதை உறுப்பினர்கள் கவனித்தனர்.

எழுத்தறியாதோரின் வேதாகமம் என்று சாளரங்களை அழைக்கும் வழக்கத்தையும் ஆராய்ந்தோம். படங்கள் படிக்கத் தெரியாதவர்க்கு உதவும் என்று போப்பாண்டவர் பெரிய கிரகோரி 600ஆம் ஆண்டையொட்டி எழுதியது உண்மையே. ஆயினும் உயரத்திலுள்ள சிறு காட்சிகளைத் தரையில் நிற்பவர் தாமாகவே பிரித்தறிவது கடினம். கதையை முன்பே அறிந்தவருக்கே அவை பேசுகின்றன.

தற்காலச் சாளரங்களுக்கு ஒரே கூட்டம்தான் கிடைத்தது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007இல் நிறுவப்பட்ட, ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் சாளரத்தில் 72 நிறங்களில் 11,263 சதுரங்கள் உள்ளன. உருவம் ஒன்றுகூட இல்லை. அதைக் குறியீடு என்று கொள்ளலாமா என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

வரும் ஆண்டில் ஈசாய் மரச் சாளரங்களை மட்டும் எடுத்து, பாரிஸ் அருகிலுள்ள செயிண்ட் டெனி மடாலயத்தில் 1144ஐ ஒட்டி அமைந்ததிலிருந்து தொடர்ச்சியாகப் பயிலலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. உறுப்பினர்களுக்கு வழங்கிய குறியீட்டுப் பட்டியலில், ஒவ்வோர் உருவத்துக்கும் எதிரே அது இடம்பெறும் காட்சியையும் அண்டைக் காட்சிகளையும் சேர்த்துத் திருத்திய படி அடுத்த கூட்டத்துக்குள் அளிக்கப்படும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்