நண்பனுக்கு: விலையை நீ முதலில் எழுது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பிடிக்காமலே நாலு அடி நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம் என்று சொல், கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல். இங்கே எல்லோரும் நலம். மகளுக்குப் படிப்பு முடியப் போகிறது. எனக்கு வேலை முன்பு போலவே ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வீடு, மனை விற்றுக் கொடுக்கும் புரோக்கர் தொழிலில் இத்தனை வருஷம் ஓட்டிய பிறகு இனி என்ன படிக்க இருக்கிறது, அந்த இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. கைதட்டி, கோஷம் போட்டு, 'என்னால் முடியும்' என்று சத்தமாகச் சொல்லவைத்து அனுப்புவார்கள். உனக்குப் பேச்சும் குறைவில்லை, தைரியமும் குறைவில்லை. நம் ஆட்களுக்குக் குறைவது, நாம் சொன்னது சரியா தவறா என்று நமக்குத் திருப்பிச் சொல்ல ஒரு ஆள். வாங்கிய பார்ட்டி சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், வாங்காத பார்ட்டி போனை எடுக்கமாட்டார், அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் நம் கணிப்பு எவ்வளவு தூரம் சரி என்பது நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. அனுபவம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி வெறும் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1987-ல் கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரிசோனாவின் டூசான் நகரத்தில் நம் தொழில்காரர்களை வைத்தே ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மையான ஒரு வீட்டுக்குப் போகச் சொல்லி, எல்லா அறைகளையும் பார்க்கவிட்டு, அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விவரத்தோடு ஒரு கட்டுக் காகிதமும் கொடுத்து, இந்த வீடு எவ்வளவு போகும் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அதே வீடு, அதே விவரம். ஓனர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்த விலை ஏறினால் ஏஜெண்டுகளின் மதிப்பும் கூடவே ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஆனால் எதை வைத்து மதிப்புப் போட்டீர்கள் என்று கேட்டபோது, ஓனர் விலையையும் பார்த்தோம் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். தொழில் தெரியாத மாணவர்களிடமும் அதே இழுப்பு இருந்தது. அவர்களாவது அதை ஒப்புக்கொண்டார்கள்.

இதைப் படித்த பிறகுதான் நான் ஒரு நோட்டு போட்டேன், உன்னையும் போடச் சொல்கிறேன். சைட்டுக்குப் போனால் ஓனர் விலை சொல்லும் முன்பே, முடிந்தால் காரை விட்டு இறங்கியதுமே, நம் விலையை எழுதிவிட வேண்டும். ஒரே விலை வேண்டாம், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று இரண்டு எண், பக்கத்திலேயே காரணம் ஒரு வரியில், எத்தனை நாளில் போகும் என்று ஒரு கணிப்பு. பிறகு அது எங்கே எந்த விலைக்கு முடிந்தது என்று தெரிந்ததும், அந்த டீல் நம் கை வழியாகப் போகாவிட்டாலும், விசாரித்து எதிரே எழுத வேண்டும். எழுதி வைக்காவிட்டால் மனசு ஏமாற்றிவிடும். விலை தெரிந்த அடுத்த நிமிஷமே 'நான் அப்போதே நினைத்தேன்' என்று தோன்றும். கொஞ்ச காலம் போனால் ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. என் நோட்டில், மாடி வீடுகளை நான் தொடர்ந்து கூடுதலாகவும் மூலை மனைகளைக் குறைவாகவும் போடுவது தெரிந்தது. எந்த முகாமிலும் இதை எனக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

இரண்டாவது, கடன் கணக்கு. மொபைலில் தட்டினால் வந்துவிடுமே என்பாய். வரும், ஆனால் பார்ட்டி எதிரே உட்கார்ந்து 'வட்டி ஒரு சதவீதம் ஏறினால் என்ன ஆகும்' என்று கேட்கும்போது காரணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். 20 வருஷக் கடன், வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள். முதல் மாதத் தவணையில் ஐந்தில் நாலு பங்கு வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது மீதி ஒரு பங்குதான். அந்த வட்டி ஆரம்பத்திலேயே 9 ஆகிவிட்டால் தவணை ஏழரை சதவீதம் போல ஏறும். தவணையை ஏற்றாமல் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருந்தால் 20 வருஷம் 25 வருஷத்தைத் தாண்டிவிடும். ஒருமுறை பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்துவிடு, அப்புறம் மறக்காது. வயதான பார்ட்டிக்கு நீண்ட கடனைத் தள்ளிவிட உனக்கே மனசு வராது.

கட்டிடம் பற்றிப் படிக்கப் புத்தகத்தைவிட ஒரு நல்ல இன்ஜினியர் கூடப் போவதுதான் சிறந்த வழி. எனக்குப் பழக்கமான ஒரு சிவில் இன்ஜினியர் வீடு பார்க்கப் போகும்போது நானும் தொற்றிக்கொள்கிறேன், வேலைக்கு நடுவே பேசமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில். அவர் சுவரைப் பார்க்கும் விதமே வேறு. பூச்சில் தலைமுடி போல அங்குமிங்கும் ஓடும் விரிசலைப் பார்த்து நகர்ந்துவிடுகிறார், அது பெரும்பாலும் பூச்சு காயும்போது வருவதாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கிப் போகும் விரிசலைப் பார்த்தால் நின்றுவிடுகிறார். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுகிறார், அடுத்த முறை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அடிச்சுவரில் உப்பு பூத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, குழாய் கசிகிறதா என்று பார்க்கத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அவரைப் பார்த்த பிறகு 'பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்' என்று எந்தப் பார்ட்டியிடமும் என்னால் சொல்ல முடிவதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று. சட்டம், பத்திரம், வரி சம்பந்தமான எதைப் படித்தாலும் இரண்டாம் முறை வாசிப்பதற்குப் பதில் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் மாணவர்களிடம் சோதித்தார்கள்: ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய ஓனர் வரை சொத்து எப்படிக் கை மாறியது என்பதை நான் இப்படித்தான் வெள்ளைத் தாளில் வரைந்து பார்க்கிறேன். எங்கே கை தயங்குகிறதோ அங்கேதான் ஒரு வாரிசோ தீராத அடமானமோ விட்டுப்போயிருக்கும்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற பொருளாதாரக்காரர்கள் சிகாகோ பகுதியில் நடந்த சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மற்றவர் வீட்டைவிடச் சுமார் 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், ஒன்பது நாள் போலக் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: விலை கொஞ்சம் கூடினால் அதில் ஏஜெண்டுக்கு வரும் கமிஷன் சொற்பம், சீக்கிரம் முடிந்தால் அடுத்த டீலுக்குப் போகலாம். சுயமுன்னேற்றம் என்று ஒன்று நம் தொழிலில் இருந்தால் அதற்கு முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 'வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லும் முன், இது என் வீடாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் காத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டு, பதிலை அதே நோட்டில் எழுதிவிடுகிறேன். எழுதிய பிறகு ஓனரிடம் வேறு மாதிரி பேசுவது கஷ்டம்.

உன் பையன் தொழிலுக்கு வருகிறேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். நல்லது, வரட்டும். முதல் நாளே விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டாம், ஒரு வருஷம் உன் பின்னால் வந்து பத்திரம் படிக்கட்டும், விலை எழுதட்டும். நீயும் அவனும் தனித்தனி நோட்டில், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதுங்கள். முகாமுக்கு எடுத்து வைத்த பணத்தை அவன் இன்ஜினியர் கூடச் சுற்றும் செலவுக்குக் கொடு. உன் பக்கத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து எழுது, இல்லாவிட்டால் நான் எனக்குத் தெரிந்தவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்