சூளைக் கூரையை மழைக்கு முன் மூடுங்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் விஸ்கி வடிசாலையின் உரிமையாளர்களுக்கும் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும் வணக்கம்.

அந்தக் கட்டடத்தின் வரலாற்றை நீங்கள் நன்கறிவீர்கள். நாள்தோறும் அவ்வழியே வேலைக்குப் போகும் நான், சென்ற வாரக் காற்றுக்குப் பின், பார்லி உலர்த்தும் சூளையின் கூரையில் மேலும் இரண்டு வரிசை ஸ்லேட் ஓடுகள் சரிந்திருக்கக் கண்டேன். உளுத்த கதவின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தால், முளைகட்டிய பார்லியைப் பரப்பிக் கீழிருந்து பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகையேற்றி உலர்த்திய துளையிட்ட இரும்புத் தளத்தின் மேல் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. துளைகள் பாதிக்குமேல் துருவால் அடைபட்டுவிட்டன. அந்தத் தளத்தைத் தாங்கும் உத்தரம் ஒரு முனையில் கறுத்து ஊறியிருக்கிறது. அது முறிந்தால் தளமும் உடன் வீழும். இதை இருமுறை எழுதித் தெரிவித்தேன். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே பதில்தான் இருமுறையும் வந்தது.

அந்தக் கூரையின் உச்சியிலிருக்கும், பௌத்தக் கோபுரம் போன்ற பகோடா வடிவம் வெறும் அலங்காரமன்று. எல்ஜின் நகரக் கட்டடக் கலைஞர் சார்லஸ் டொயிக், சூளைப் புகையை நன்றாக இழுத்து வெளியேற்றுவதற்காக 1889-இல் டல்யூவன் வடிசாலைக்கு வகுத்த வடிவம் அது. பின்னர் ஸ்காட்லாந்து விஸ்கிக்கே அது அடையாளமாயிற்று. வடிசாலைகள் முளைத்த பார்லியை வெளியே வாங்கத் தொடங்கியதும் சூளைகள் வேலையிழந்தன. 1983-இலும் 1985-இலும், விற்காத சரக்கு தேங்கியதால், பல வடிசாலைகளே அடுத்தடுத்து மூடப்பட்டன. மூடியதை நான் குறைகூறவில்லை. மூடியபின் ஓடு மாற்றக்கூட ஆளனுப்பாமல் விடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டொயிக் வரைந்த இம்பீரியல் வடிசாலை 2013-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அவரே வரைந்து 1899-இல் இயங்கத் தொடங்கிய டாலஸ் டூ வடிசாலை, 1983-இல் மூடப்பட்டும், செப்பு வடிகலன்கள் இரண்டும் நொதித்தொட்டிகளும் இருந்த இடத்திலேயே காக்கப்பட்டு, 1988-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அரசின் பராமரிப்பு கிடைத்தது ஒன்றுக்கு, கிடைக்காதது மற்றொன்றுக்கு. கட்டியவர் கையில் குறையில்லை.

அருங்காட்சியகம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் சூளைக் கூரையை மூடுங்கள். ஓடு கிடைக்கத் தாமதமானால் தார்ப்பாயாலாவது மூடுங்கள். ஊறிய உத்தரத்துக்கு முட்டுக் கொடுங்கள். வேலை தொடங்கும் நாளை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடிசாலைக்கு அருகில் வசிப்பவர்