பேஸ்பாலில் பிட்ச் செய்யும் (பந்து வீசும்) பிள்ளைகளின் கை: பெற்றோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். சீசன் தொடங்கிவிட்டது. 9 முதல் 12 வயதுப் பிட்சர்களின் பெற்றோர் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) விதிப்படி ஒரு நாளுக்கு 9-10 வயதில் 75 பந்து, 11-12 வயதில் 85. 20 வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 21-35 என்றால் 1 நாள் ஓய்வு, 36-50க்கு 2, 51-65க்கு 3, 66 முதல் 4. 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிள்ளை அன்று கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக) உட்காரக் கூடாது.

சனிக்கிழமை லீக்கில் 60, ஞாயிறு டிராவல் டீமில் (வெளியூர் போய் ஆடும் தனி அணியில்) 40 என்றால் ஒவ்வொரு கோச்சுக்கும் அவரவர் எண்ணிக்கைதான் தெரியும். கை என்னவோ ஒன்றுதான். இரண்டையும் ஒரே நோட்டில் நீங்களே குறித்து, ஆட்டத்துக்கு முன் கோச்சிடம் காட்டுங்கள்.

முழங்கையின் உட்புறம் துருத்தும் எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். இந்த வயதில் அங்கே இருப்பது இன்னும் முற்றாத வளர்ச்சிக் குருத்தெலும்பு. தசைநார் அதைவிட வலுவானது. ஒவ்வொரு வீச்சிலும் அதைப் பிடித்து இழுக்கிறது. ஓய்வில்லாவிட்டால் வீங்கும், சில சமயம் பிரிந்தே போகும். அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே வீச்சை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை கொடுத்து மறுபடி மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேட்டுக்கு) அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பிள்ளைகள் வலியைச் சொல்ல மாட்டார்கள். பந்து மேலே மேலே போவது, முழங்கை தாழ்வது, பந்துக்குப் பந்து கையை உதறுவது, இவைதான் அடையாளம். எண்ணிக்கை 30தான் ஆகியிருந்தாலும் இறக்கிவிடுங்கள்.

வருடத்தில் 4 மாதம் வீச்சே வேண்டாம், அதில் 2-3 மாதம் தொடர்ச்சியாக. அப்போது நீச்சல், சாக்கர் விளையாடட்டும்.