எல்லையில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்ட பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பா,

வணக்கம். ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவுக்குச் சைக்கிளில் போனேன் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னபோது, தூரத்தையோ களைப்பையோ பற்றிக் கேட்காமல், "பார்டர்ல எவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சாங்க?" என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். வாளையார் சோதனைச் சாவடியில் லாரியை வரிசையில் போட்டுவிட்டு, காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் காத்துக் கிடந்தவர் நீங்கள், வேறெப்படிக் கேட்பீர்கள்? யாரும் நிறுத்தவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அது உண்மைதான், ஆனால் முழு விடை ஆகாது என்று அன்றிரவே மனத்தில் உறுத்தத் தொடங்கியது.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டேன். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் எண்ணெய்க் கிடங்கின் பெரிய தொட்டிகளைத் தாண்டியதும், டான்யூப் ஆற்றின் வடகரையில் உள்ள வெள்ளத் தடுப்புக் கரைமேல் பாதை ஏறிவிடுகிறது. நம் ஏரிக்கரை மேல் வண்டி ஓட்டுவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்குப் பெரிய வளைவுகளே இல்லாமல் நீண்டுகொண்டு போகிறது. இந்தச் சமவெளியில் மேற்கிலிருந்துதான் பெரும்பாலும் காற்று வீசும் என்பதால், கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் உதவும் என்று நம்பியிருந்தேன். அன்றைக்குத் தென்கிழக்கிலிருந்து வீசியது. கேரியரின் இருபுறமும் தொங்கிய பைகள் காற்றைப் பிடித்துக்கொள்ள, கியரைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிட்டேன். தலையைக் குனிந்து, முன்சக்கரத்துக்கு அடியில் ஓடும் சரளையையே பார்த்தபடி மிதித்ததுதான் அந்த இரண்டரை மணி நேரமும். ஓர்ட் என்ற ஊருக்கருகே மர பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்துப்போன புளிச்சோற்றைப் பிரித்தபோது கை விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையிலேயே மடங்கியிருந்தன.

கரையின் வலப்பக்கம் முழுவதும் ஆற்றுவெள்ளம் ஏறி இறங்கும் காடு. அந்தக் காடு இன்று அங்கே இருப்பதற்குக் காரணம் சாதாரண மனிதர்கள். 1984 டிசம்பரில் ஸ்டோப்ஃபென்ராய்ட் பகுதியில் நீர்மின் அணை கட்டுவதற்காக மரங்களை வெட்ட வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் உறையும் குளிரில் காட்டுக்குள்ளேயே கூடாரமடித்துத் தங்கி மறித்தார்கள். காவல் துறையின் தடியடிக்குப் பிறகும் அவர்கள் கலையவில்லை. அரசு பின்வாங்கியது, 1996இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. எதிர்காற்றில் நான் திணறிக்கொண்டிருந்தபோது அந்த மரங்கள்தான் இடையிடையே காற்றைத் தடுத்து மூச்சுவிட இடம் கொடுத்தன என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

அங்கிருந்து வடகிழக்காகத் திரும்பி, கோதுமை வயல்களுக்கு நடுவே ஷ்லோஸ்ஹோஃப் அரண்மனைக்கு வந்தால், மொராவா ஆறு பக்கத்தில்தான். அதுதான் ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எல்லை. அதன் குறுக்கே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டுமென்று 2012இல் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். 'சுதந்திரச் சைக்கிள் பாலம்' என்பது அதன் பெயர். அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், அதில் பெரும்பகுதி வெள்ளச் சமவெளியின் புல்வெளிக்கு மேலே போகிறது. எதிரே ஒரு பாட்டி கூடையில் நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். நான் ஜெர்மனில் வணக்கம் சொன்னேன், அவர் "தோப்ரி தென்" என்று ஸ்லோவாக் மொழியில் பதில் சொன்னார். கைப்பேசியில் புதிய நாட்டுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான் பெரியப்பா. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு அது போதவில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியவன் வண்டியைத் திருப்பி மறுபடியும் நடுப்பாலம்வரை வந்து, கீழே சேற்று நிறத்தில் நகரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். முதன்முதலாக இந்தக் கண்டத்துக்கு வர விசா கேட்டபோது வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, காப்பீடு, தங்குமிடச் சான்று என்று ஒரு விரற்கடை தடிமனுக்குக் காகிதம் அடுக்கியது நினைவுக்கு வந்தது. கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் சட்டைப் பையில், நெகிழி உறைக்குள், வியர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தற்காலிகச் சோதனைகள் அவ்வப்போது திரும்ப வருவதுண்டு என்பதால் அவை இல்லாமல் நான் போவதில்லை.

இதே ஆற்றின் ஸ்லோவாக்கியக் கரையில் 1989வரை இருந்தது என்ன தெரியுமா? செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாடாக இருந்த காலத்தில், எல்லையையொட்டி உள்நாட்டுப் பக்கமாக முள்வேலி போட்டு, காலடித் தடம் பதிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதன் அருகே ஒரு மண்பட்டையை உழுது வைத்திருந்தார்கள். 1950களில் தொடங்கி 1965வரை அந்த வேலியில் மின்சாரமும் பாய்ச்சினார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களைத் தடுப்பதற்காகப் போட்ட வேலியென்று நினைத்துவிடாதீர்கள். சொந்த மக்கள் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. உழவுக்கு உதவவேண்டிய ஏர் மனிதரின் காலடியைப் பிடிப்பதற்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை, விவசாயக் குடும்பத்தில் பிறந்த என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

பாலத்திலிருந்து தெற்கே ஆற்றோரமாகப் போனால் மொராவா டான்யூபோடு கலக்கும் இடத்தில் தேவின் கோட்டை, 1809இல் நெப்போலியனின் படை வெடிவைத்துத் தகர்த்த மிச்சம், பாறைமேல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில், தப்பிக்க முயன்று உயிரிழந்தவர்களின் நினைவாக ஒரு வாயில் எழுப்பியிருக்கிறார்கள். சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டு அதன் முன் உட்கார்ந்தேன். 1989 டிசம்பர் 10 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சி ஆட்டங்கண்டிருந்த வேளையில், பிராத்திஸ்லாவாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் நகருக்கு நடந்தே போனார்கள். தேவினில் வெட்டியெடுத்த முள்வேலிக் கம்பியை வளைத்து ஓர் இதயம் செய்து வைத்தார்கள். அந்த ஊர்வலத்துக்குப் பிறகும் எல்லைச் சோதனை முழுதாக நீங்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2007 டிசம்பர் 21 அன்றுதான் அது நின்றது. நான் கடந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இவ்வளவு காத்திருப்பு இருக்கிறது. வரிசையில் காத்துக்கிடந்த உங்களுக்கு அது விளங்கும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தேவினிலிருந்து நகரம் பத்து கிலோமீட்டர்தான், காற்றும் அடங்கிவிட்டது. அன்றைய கணக்கு எண்பது கிலோமீட்டரை ஒட்டி வந்தது. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பினேன்.

செப்டம்பரில் நீங்களும் பெரியம்மாவும் வரும்போது எண்பது கிலோமீட்டரும் மிதிக்க வேண்டியதில்லை. மார்ஹெக் வரை ரயிலில் போய், அங்கிருந்து சமதளத்தில் மெதுவாக ஓட்டினால் முற்பகலுக்குள் பாலத்தை அடைந்துவிடலாம். ஸ்லோவாக்கியாவில் ஊருக்கு வெளியே சாலையில் ஓட்டத் தலைக்கவசம் கட்டாயம் என்பதால் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன். உங்களுக்கான சைக்கிளின் இருக்கையையும் இரண்டு விரற்கடை இறக்கியிருக்கிறேன். மீதியை நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்